‘நைஸ்’: ஒண்ணும் தெரியாதவன்ல ஆரம்பிச்சு நல்லவன் வரைக்கும் வந்த வார்த்தை

1815 ஜூன் 18, வாட்டர்லூ சண்டை, நெப்போலியன் கடைசியா தோத்த சண்டை. அதுக்கு அடுத்த நாள் பிரஸ்ஸல்ஸ்ல, ஜெயிச்ச பக்கத்து தளபதி வெலிங்டன் பிரபு, க்ரீவிங்கற ஒரு ஆங்கிலேய அரசியல்வாதிகிட்ட பேசிட்டு இருக்கார். நானும் ப்ளூகரும் (கூட சேர்ந்து சண்டை போட்ட பிரஷ்யப் படையோட தளபதி) சேர்ந்து 30,000 பேரை இழந்துட்டோம்ங்கறார், உடனே அடுத்த வரிலயே அந்த சண்டையை ‘டாம்ட் நைஸ் திங்’னு சொல்றார். க்ரீவி தன்னோட குறிப்புல இதை எழுதி வெச்சதால நமக்கு கிடைச்சுது. இன்னைக்கு இங்கிலீஷ் தெரிஞ்ச யார் படிச்சாலும் தூக்கிவாரிப்போடும், 30,000 பேர் செத்தும் காயப்பட்டும் கிடக்கறப்ப இந்த மனுஷன் ‘ரொம்ப அருமையா இருந்துச்சு’ங்கறாரேன்னு.

அவர் அப்படி சொல்லவே இல்ல. அதே மூச்சுல, இவ்ளோ நெருக்கத்துல போன ஒண்ணை நீ உன் வாழ்க்கைல பாத்திருக்க மாட்டேன்னும் சொல்றார். அதாவது நூலிழைல ஜெயிச்சோம், இந்தப் பக்கமும் சாஞ்சிருக்கும் அந்தப் பக்கமும் சாஞ்சிருக்கும்ங்கறதுதான் அங்க நைஸுக்கு அர்த்தம். நூல் மாதிரி மெல்லிசு, மயிரிழை வித்தியாசம், அது. வெறும் 200 வருஷம்தான் ஆகுது, அதுக்குள்ள ஒரு தளபதியோட வாக்கியம் நேர்எதிரா கேக்கற அளவுக்கு வார்த்தை நகர்ந்துடுச்சு. இத்தனைக்கும் இது அந்த வார்த்தையோட பயணத்துல கடைசி துண்டு மட்டும்தான், முன்னாடி நடந்ததெல்லாம் இதைவிட பெரிய தாவல்.

ஆரம்பம் லத்தீன். நெஸ்கியுஸ்னு ஒரு சொல், ‘நெ’ன்னா இல்ல, ‘ஸ்கிரே’ன்னா அறியறது, ரெண்டும் சேர்ந்து ‘அறியாதவன்’. நேரடியான, கள்ளங்கபடம் இல்லாத சொல். அந்த ஸ்கிரேல இருந்து வந்த சொந்தக்காரங்க யார் யார்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும், சயின்ஸ் அதுல இருந்து வந்தது, கான்ஷியஸ், கான்ஷியன்ஸ், எல்லாம் அறிஞ்சவர்ங்கற அர்த்தத்துல வர்ற ஆம்னிஷியன்ட், எல்லாமே அந்த வீட்டுப் பிள்ளைங்கதான். சயின்ஸும் நைஸும் ஒரே வேர். ஒண்ணு அறிவு, இன்னொண்ணு அறிவு இல்லாமை. எழுத்துல பாத்தா துளிகூட சந்தேகம் வராது, ஏன்னா லத்தீன்ல இருந்து பழைய பிரெஞ்சுக்கு வந்தப்ப சொல்லோட நடுப்பகுதி தேஞ்சு, வால் உதிர்ந்து, நெஸ்கியுஸ் வெறும் நைஸா சுருங்கிடுச்சு. பழைய பிரெஞ்சுல அதுக்கு அர்த்தம் முட்டாள், அப்பாவி, கையாலாகாதவன், இந்த மாதிரி. அதே லத்தீன் சொல் ஸ்பானிஷ்ல நெசியோன்னு இன்னைக்கும் உயிரோட இருக்கு, அங்க அதுக்கு இன்னமும் முட்டாள், பிடிவாதக்காரன்னுதான் அர்த்தம். ஒரு வயித்துல பொறந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பொறந்த இடத்துலயே இருந்துட்டார், இன்னொருத்தர் இங்கிலீஷுக்கு போய் ஆளே மாறிட்டார்.

1066ல பிரான்ஸ்ல இருந்து வந்த நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு பிரெஞ்சு சொற்கள் வண்டி வண்டியா இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு, அந்த வெள்ளத்துல வந்ததுதான் இதுவும். 1300 வாக்குல இங்கிலீஷ் எழுத்துல இது புழங்க ஆரம்பிச்சாச்சு, அப்ப ஒருத்தரை நைஸ்னு சொன்னா மடையான்னு சொல்றதா அர்த்தம். உச்சரிப்பும் இப்ப இருக்கற மாதிரி இல்ல, அப்ப அது ‘நீஸ்’. 1400ல இருந்து 1700 வரைக்கும் இங்கிலீஷ்ல நெடில் உயிரெல்லாம் மொத்தமா இடம் மாறின ஒரு பெரிய மாற்றம் நடந்துச்சு, அதுல ஈ எல்லாம் ஐ ஆச்சு, நீஸும் நைஸ் ஆச்சு.

அந்தக் காலத்துக்கு ஒரு சாட்சி இருக்கு, எனக்கு இந்த வார்த்தையோட மொத்த வரலாற்றுலயும் ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். ஜெஃப்ரி சாஸர்ங்கற இங்கிலீஷ் கவிஞர் 1380கள்ல எழுதின ‘ட்ராய்லஸ் அண்ட் க்ரிசைட்’ங்கற நீண்ட கவிதைல ரெண்டாவது பாகத்தோட தொடக்கத்துல மொழி மாறறதைப் பத்தியே சில வரி பேசறார். ஆயிரம் வருஷத்துக்குள்ள பேச்சோட வடிவம் மாறிடும், ஒரு காலத்துல மதிப்போட இருந்த வார்த்தைகள் இப்ப நமக்கு ரொம்ப நைஸாவும் விசித்திரமாவும் படுது, ஆனா அவங்க அப்படித்தான் பேசினாங்க, நாம இப்ப காதல் பண்ற மாதிரியே அவங்களும் நல்லாத்தான் காதல் பண்ணினாங்கங்கற மாதிரி போகும். அங்க நைஸ்னா அசட்டுத்தனமா படுதுன்னு அர்த்தம். வார்த்தைகள் மாறிப்போகும்னு சொல்ல அவர் எடுத்த வார்த்தைகள்ல ஒண்ணே அவருக்கு அப்புறம் தலைகீழா மாறி, இன்னைக்கு அந்த வரியைப் படிக்கறவன் ‘பழைய வார்த்தையெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு’ன்னு புரிஞ்சுக்கற நிலைமைக்கு வந்துடுச்சு. அவர் சொன்னதுக்கு அவர் வரியே ஆதாரம் ஆயிடுச்சு.

சரி, முட்டாள்ல இருந்து எங்க போச்சு? இங்கதான் சிக்கல், ஏன்னா அது ஒரு பக்கமா போகல, ஒரே நேரத்துல பல பக்கம் பிரிஞ்சுச்சு. முட்டாள்னா கட்டுப்பாடு இல்லாம நடக்கறவன்னு ஒரு கிளை, அதுல நைஸ்னா ஒழுக்கம் கெட்ட, காமம் மிகுந்த, ஆடம்பரமாத் திரியற. இன்னொரு கிளை இதுக்கு நேர்எதிர், ஒண்ணும் தெரியாதவன்னா கூச்சப்படறவன், தயங்கறவன், அதுல நைஸ்னா வெக்கப்படற, ஒதுங்கி நிக்கற. மூணாவது கிளை மென்மை, நோஞ்சான், சீக்கிரம் உடைஞ்சு போற. நாலாவது சோம்பேறி. இதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே காலகட்டத்துல, அதனால ஒரு பழைய நாடகத்துல ஒரு பொண்ணை நைஸ்னு எழுதியிருந்தா அவ கூச்ச சுபாவக்காரியா இல்ல நேர்மாறான ஆளாங்கறதை மத்த வரிகளை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும், சில இடத்துல கண்டுபிடிக்கவே முடியாது. 16, 17ஆம் நூற்றாண்டு உதாரணங்கள் பலதுல எழுதினவர் எந்த அர்த்தத்துல எழுதினார்னு சொல்றது கஷ்டம்னு ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியே சொல்லியிருக்கு. அந்த அகராதிக்காரங்க அப்படி கை விரிக்கறது அபூர்வம்.

அறியாமைங்கற ஒரு குறை எப்படி மென்மையா, நாணமா மாறும்னு இங்கிலீஷ்காரனுக்கு விளக்கறது கஷ்டம், நமக்கு விளக்கவே தேவையில்ல. அச்சம், மடம், நாணம், பயிர்ப்புன்னு சொல்றோமே, அதுல அந்த மடம் என்ன? மடமைல இருக்கற அதே மடம்தான், மடையன்னு திட்டறோமே அதே பக்கம்தான். ஆம்பளைக்கு சொன்னா வசவு, பொண்ணுக்கு சொன்னா லட்சணம்னு பழைய இலக்கியம் பிரிச்சு வெச்சிருக்கு (இது நியாயமான பிரிப்பு இல்லங்கறது என் எண்ணம், ஆனா சொல்லோட வரலாறுல அது நடந்திருக்கு). பேதைங்கற சொல்லும் அப்படித்தான். வள்ளுவர் பேதைமைக்கு தனியா ஒரு அதிகாரமே எழுதி, கெட்டதைப் பிடிச்சுக்கிட்டு லாபத்தை நழுவ விடறதுதான் பேதைமைன்னு 831ல விளாசறார், அதே வள்ளுவர் 1274ல ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’னு ஆரம்பிச்சு, மொட்டுக்குள்ள மணம் இருக்கற மாதிரி இந்தப் பேதையோட சிரிப்புக்குள்ள ஏதோ ஒண்ணு ஒளிஞ்சிருக்குன்னு காதலன் வாயால கொஞ்சறார். ஒரே சொல், ஒரு இடத்துல முட்டாள், ஒரு இடத்துல காதலி. நைஸ் போன பாதையை இதைவிட தெளிவா காட்டற உதாரணம் எனக்கு தெரிஞ்சு இல்ல. அதே குறள்ல நாற்றம்னா நறுமணம்ங்கறதையும் கவனிங்க, அந்த சொல் நமக்கு நைஸுக்கு எதிர்த்திசைல போச்சு, நல்லதுல இருந்து கெட்டதுக்கு.

ஷேக்ஸ்பியர் காலத்துக்கு வந்தா இந்தக் கிளைகள் எல்லாம் ஒண்ணா கலந்து கிடக்கு. ரோமியோ ஜூலியட்ல கடைசி அங்கத்துல ஒரு இடம். ஜூலியட் உண்மையில சாகல, தூக்க மருந்துதான்னு ரோமியோவுக்கு சொல்ல பாதிரியார் லாரன்ஸ் ஒரு கடிதம் அனுப்பறார், கொண்டுபோன ஆள் கொள்ளைநோய் பயத்துல ஒரு வீட்டுக்குள்ள அடைபட்டுட்டதால கடிதம் போய் சேரவே இல்ல. அது தெரிஞ்சதும் லாரன்ஸ் பதறிப்போய் சொல்ற வரி, அந்தக் கடிதம் நைஸ் இல்ல, ரொம்ப முக்கியமான சேதி அதுலங்கற மாதிரி வரும். இன்னைக்கு படிக்கற மாணவன் கடிதம் நல்லா இல்லன்னு எடுத்துக்குவான், அப்படி எடுத்தா அடுத்த பாதி வரி ஒட்டவே ஒட்டாது. அங்க நைஸ்னா அற்பமான, சில்லறையான. அது சாதாரண கடிதம் இல்லய்யா, உயிர் போற விஷயம்ங்கறார். அதே நாடகத்துல மூணாவது அங்கத்துல பென்வோலியோ ஒரு சண்டையை நைஸ்னு சொல்றான், அதுவும் ஒண்ணுமில்லாத சண்டைங்கற அர்த்தம்தான். ஆனா அஞ்சாம் ஹென்றி நாடகத்துல கல்யாணத்துக்கு முன்னாடி முத்தம் கொடுக்கறது எங்க நாட்டு வழக்கம் இல்லன்னு பிரெஞ்சு இளவரசி கேத்தரின் பக்கம் சொன்னதும் ராஜா சிரிச்சுக்கிட்டே, நைஸான வழக்கமெல்லாம் பெரிய ராஜாக்கள் முன்னாடி வளைஞ்சு கொடுக்கும்ங்கறான், அங்க நைஸ்னா ரொம்ப கறாரா, நுணுக்கம் பாக்கற. ஒரே எழுத்தாளர், ஒரு சில வருஷ இடைவெளி, அற்பம்னும் வருது கறார்னும் வருது.

இந்த ‘கறார்’ங்கற அர்த்தம்தான் மொத்த கதையோட கீல், கதவு திரும்பினது இங்கதான். கூச்சப்படறவன், மென்மையானவன்ங்கறதுல இருந்து எதையும் சட்டுனு தொடாதவன், எல்லாத்துலயும் குத்தம் பாக்கறவன், சாப்பாட்டுல துணில பேச்சுல எல்லாத்துலயும் இது வேணாம் அது வேணாம்னு பொறுக்கறவன்னு ஒரு அர்த்தம் வந்துச்சு. இதுவும் திட்டுதான், ஆனா இதுல ஒரு பாராட்டு ஒளிஞ்சிருக்கு. ஏன்னா எல்லாத்துலயும் குறை பாக்கறவனுக்கு குறை எங்க இருக்குன்னு கண்ணுல படணும், அதுக்கு கூர்மை வேணும். அந்த கூர்மையை மட்டும் தனியா எடுத்தா நைஸ்னா நுட்பமான, துல்லியமான, சின்ன வித்தியாசத்தைக்கூட பிரிச்சு அறியற. அறியாதவன்னு பொறந்த சொல் ஒரு முந்நூறு வருஷத்துல மத்தவனுக்கு தெரியாததையெல்லாம் அறியறவன்னு ஆயிடுச்சு. நைஸான தராசுன்னா துளி எடை வித்தியாசத்தையும் காட்டற தராசு, நைஸான காதுன்னா சுருதி பிசகினா உடனே கண்டுபிடிக்கற காது, நைஸான கேள்வின்னா மேலோட்டமா பாத்தா பிடிபடாத கேள்வி. இப்படித்தான் 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல இது புழங்குச்சு.

1755ல வந்த சாமுவேல் ஜான்சனோட புகழ்பெற்ற அகராதியைத் திறந்தா முதல் அர்த்தமே இந்த துல்லியம்தான், நுணுக்கமா சரியா கணிக்கற, தேவைக்கு மேலயும் துல்லியம் பாக்கறங்கற மாதிரி எழுதியிருக்கார். கூடவே இது ஒரு குறையா சொல்றதுக்கும் பயன்படுதுன்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கார், கவனமானவர். இன்னைக்கு நமக்கு முதல்ல தோணற ‘இனிமையான’ங்கற அர்த்தம் அங்க முன்வரிசைல இல்லவே இல்ல. வெலிங்டன் வளர்ந்த இங்கிலீஷ் இதுக்கு அடுத்த தலைமுறை, அவர் வாய்ல அந்த பழைய அர்த்தம் வந்ததுல ஆச்சரியம் இல்ல.

அப்புறம் எப்படி இனிமையானன்னு ஆச்சு? மனுஷன்கிட்ட இருந்து பொருளுக்கு தாவினதுலதான். நைஸான ஆள்னா ரசனையா பொறுக்கி எடுக்கற ஆள். அவர் பொறுக்கி எடுத்த துணி நைஸான துணி. அந்த இடத்துல நைஸ்னா ‘கவனமா தேர்ந்தெடுத்த’ன்னும் எடுத்துக்கலாம், ‘பாக்க நல்லா இருக்கற’ன்னும் எடுத்துக்கலாம், ரெண்டுமே உண்மை, கேக்கறவர் எதை எடுத்துக்கிட்டாலும் வாக்கியம் உடையாது. அர்த்தம் மாறற இடம் எல்லா மொழிலயும் இதுதான், ரெண்டு அர்த்தமும் பொருந்தற வாக்கியங்கள் நிறைய சேர்ந்துட்டா அடுத்த தலைமுறை அதுல புதுசை மட்டும் கத்துக்கிட்டு பழசை விட்டுடும், யாரும் முடிவு பண்ணி மாத்தறது இல்ல. அதோட 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல ரசனை, நாசூக்கு, மென்மைங்கறதெல்லாம் பெரிய மனுஷத்தனத்தோட அடையாளம், அந்த சமூகத்துல நுணுக்கமானன்னு சொன்னாலே பாராட்டுதான். அந்த நூற்றாண்டோட பாதி தாண்டினதும் நைஸான நடை, நைஸான நாள்னு எழுத ஆரம்பிச்சாச்சு. நாளுக்கு என்ன நுணுக்கம் இருக்கு? அந்த இடத்துல பழைய அர்த்தம் கழண்டு விழுந்துட்டது தெரியும்.

இது நடந்துட்டு இருக்கறப்பவே ஒருத்தர் கவனிச்சு எழுதி வெச்சுட்டார், இங்கிலீஷ் நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின். 1817 கடைசில, அவங்க இறந்தப்புறம் வெளிவந்த ‘நார்த்தேங்கர் ஆபி’ல கேத்தரின்ங்கற பொண்ணு ஒரு நாவலை நைஸான புத்தகம்னு சொல்றா, உடனே ஹென்றி டில்னி பிடிச்சுக்கறான். ஆமா, இது நைஸான நாள், நாம நைஸான நடை போறோம், நீங்க ரெண்டு பேரும் நைஸான பொண்ணுங்க, எவ்ளோ நைஸான வார்த்தை, எல்லாத்துக்கும் ஆகுதுன்னு கலாய்க்கறான். கலாய்ச்சுட்டு, முதல்ல இது நேர்த்திக்கும் நாசூக்குக்கும் மட்டும்தான் சொல்லியிருப்பாங்க, இப்ப எந்த பாராட்டா இருந்தாலும் இந்த ஒரே வார்த்தைல அடக்கிடறாங்கன்னு வருத்தப்படறான். அவன் ‘முதல்ல’ன்னு சொல்ற இடத்தைப் பாருங்க. அது முதல் இல்ல, நடுவழி. அதுக்கும் முன்னாடி வெக்கம், அதுக்கும் முன்னாடி முட்டாள். தாத்தா பாட்டி காலத்து அர்த்தத்தைத்தான் ஒவ்வொருத்தரும் அசல் அர்த்தம்னு நினைக்கறோம், டில்னியும் அப்படித்தான்.

ஆஸ்டினுக்கு பழைய அர்த்தமும் நல்லா கைவந்திருந்துச்சு. அதே சமயத்துல சேர்ந்து வெளிவந்த ‘பெர்சுவேஷன்’ல மிஸ்டர் எலியட் சொல்றார், நல்ல சகவாசத்துக்கு பிறப்பு, படிப்பு, நடத்தை இருந்தா போதும், அதுலயும் படிப்பு விஷயத்துல அவ்ளோ நைஸ் இல்லன்னு. அதாவது படிப்புல ரொம்ப கறார் பாக்க மாட்டாங்க. இன்னைக்கு நைஸ் மட்டும் தெரிஞ்சு அந்த வரியைப் படிச்சா தலையும் புரியாது காலும் புரியாது. மொழிபெயர்க்கறவங்க இந்த மாதிரி இடத்துலதான் தடுக்கி விழறாங்க, ஏன்னா தெரியாத சொல்லா இருந்தா அகராதி பாப்போம், நைஸுக்கு யார் அகராதி பாப்பாங்க?

1926ல ஹென்றி ஃபவுலர்ங்கறவர் இங்கிலீஷ் வழக்கு பத்தி ஒரு கையேடு எழுதினார், இங்கிலீஷ் எழுதறவங்க ரெண்டு மூணு தலைமுறைக்கு வேதமா வெச்சிருந்த புத்தகம். அதுல நைஸ் தன்னோட தனித்தன்மையை இழந்து மங்கலான ஒரு இனிமையை மட்டும் பரப்பற சொல்லா ஆயிடுச்சுன்னும், பெண்களுக்கு அது ரொம்ப பிடிச்சுப்போனதுதான் காரணம்னும் எழுதியிருக்கார். முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி சரி இல்ல. ஒரு சொல் நீர்த்துப்போறது எல்லா மொழிலயும் எல்லாரும் சேர்ந்து பண்றது, பாராட்டு சொற்களுக்கு அது கண்டிப்பா நடக்கும். ஒரு பாராட்டு சொல்லை அடிக்கடி பயன்படுத்தறப்ப அது சாதாரணத்துக்கும் போய் ஒட்டிக்கும், சாதாரணத்துக்கு ஒட்டினப்புறம் அதோட எடை குறையும், எடை குறைஞ்சதும் ஆளுங்க வேற கனமான சொல்லைத் தேடுவாங்க. வியப்புல வாய் அடைக்க வைக்கறன்னு பொருள் தந்த ஆசம் இன்னைக்கு சரி, ஓகேங்கற அளவுக்கு வந்தது அப்படித்தான். நைஸ் அதே வழில ஒரு நூத்தைம்பது வருஷம் முன்னாடியே போயிட்டுது.

மனுஷங்களைப் பத்தி சொல்ற ‘அன்பானவர், நல்லா பழகறவர்’ங்கற அர்த்தம் 1800களோட முதல் பாதில நிலைச்சுது. இன்னைக்கு இதுக்குள்ள ஒரு சூடு குறைவு இருக்கறதையும் கவனிக்கணும். ஒருத்தரைப் பத்தி கேக்கறப்ப நைஸ் பர்சன்னு மட்டும் சொல்லி நிறுத்தினா, அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லன்னு கேக்கறவருக்கு புரிஞ்சுடும். கைண்ட்னு சொன்னா அவர் ஏதோ செஞ்சிருக்கார், குட்னு சொன்னா அவர் குணத்துல ஏதோ இருக்கு, நைஸ்னு சொன்னா அவரால தொந்தரவு இல்லங்கற அளவுதான். அப்புறம் கிண்டல் தொனி வேற இருக்கு, சொதப்பின இடத்துல ‘வெரி நைஸ்’னு இழுத்து சொன்னா அது பாராட்டு இல்ல. ‘நைஸ் அண்ட் வார்ம்’னு வர்றப்ப அது தனியா ஒரு பண்பே இல்ல, நல்லா கதகதப்பா இருக்குன்னு நாம சொல்றோமே அந்த ‘நல்லா’ செய்யற வேலையை செய்யுது. பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் கட்டுரைல நைஸ் போடாதே, வேற சொல் தேடுன்னு வாத்தியாருங்க சொல்றது இதனாலதான், சொல்றது சரிதான், ஆனா பேச்சுல இந்த மாதிரி எடை இல்லாத ஒரு சொல் தேவைப்படுது. யாரையும் அளக்காம சும்மா ஒரு நல்லெண்ணத்தை தெரிவிக்கணும்னா வேற என்ன சொல்றது?

இதுக்கு எதிர்த்திசைல போன கூட்டாளி சில்லி. பழைய இங்கிலீஷ்ல அது சேலிக், அர்த்தம் ஆசீர்வதிக்கப்பட்ட, பாக்கியசாலி. ஜெர்மன்ல சேலிக்னா இன்னைக்கும் பேரின்பம் பெற்றன்னுதான். இங்கிலீஷ்ல அது பாக்கியசாலில இருந்து அப்பாவி, அப்பாவில இருந்து பாவப்பட்ட, பாவப்பட்டதுல இருந்து பலவீனமான, கடைசில 16ஆம் நூற்றாண்டுல முட்டாள்னு இறங்கிடுச்சு. நைஸ் முட்டாள்ல இருந்து மேல ஏறிட்டு இருந்தப்ப சில்லி மேல இருந்து முட்டாளுக்கு இறங்கிட்டு இருந்திருக்கு, ரெண்டும் வழில எங்கயோ அப்பாவிங்கற இடத்துல பாத்துக்கிட்டிருக்கும். ப்ரிட்டியும் இப்படித்தான், முதல்ல தந்திரக்காரன்னு இருந்து இப்ப அழகு. ஃபாண்ட்னா முதல்ல அசடு, இப்ப பிரியம்.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டதும் சிலர் ‘நைஸ்னா உண்மையான அர்த்தம் முட்டாள், இனிமே யாரையும் நைஸ்னு சொல்லாதீங்க’ன்னு பரப்பறாங்க. அது தப்பு. ஒரு சொல்லோட பிறப்பு அதோட அர்த்தம் இல்ல, இன்னைக்கு பேசறவங்க என்ன நினைச்சு சொல்றாங்க, கேக்கறவங்க என்னன்னு எடுத்துக்கறாங்கங்கறதுதான் அர்த்தம். அப்படிப் பாத்தா நாற்றம்னா இன்னைக்கும் நறுமணம்னு ஒருத்தர்கிட்ட போய் உங்க மேல நாற்றம் வருதுன்னு சொல்ல முடியுமா? வேர் தெரிஞ்சுக்கறது பழைய எழுத்தைப் படிக்க உதவும், இன்னைக்கு பேசறவனை திருத்த உதவாது. இன்னொரு குழப்பமும் உண்டு, பிரான்ஸ்ல நீஸ்னு ஒரு கடலோர ஊர் இருக்கு, இங்கிலீஷ்ல எழுதினா ரெண்டும் ஒரே எழுத்து, ஆனா துளி சம்பந்தம் இல்ல, அது வெற்றியைக் குறிக்கற கிரேக்க சொல்லான நிகேல இருந்து வந்த பேர்.

தமிழுக்குள்ள வந்த நைஸும் தனியா ஒரு வாழ்க்கை வாழுது. ‘பொடி நைசா இருக்கு’ன்னு சொல்றப்ப அது நல்லா இருக்குன்னு சொல்லல, துகள் ரொம்ப மெல்லிசுன்னு சொல்றோம். இங்கிலீஷ்காரங்க பேச்சுல கிட்டத்தட்ட கைவிட்ட அந்த மென்மை, நுணுக்கம்ங்கற பக்கம் நம்ம வாய்ல தினமும் வருது. ‘நைசா நழுவிட்டான்’, ‘நைசா பேசி கறந்துட்டான்’னு வர்றது இன்னும் ஒரு படி மேல, சத்தம் இல்லாம, உரசாம, யாருக்கும் தெரியாம. நயமா பேசி ஏமாத்தினான்னு சொல்றோமே, அந்த நயம்ங்கற சொல்லும் நேர்த்தி, இனிமை, தந்திரம்னு மூணு பக்கமும் போகும், அதனால நைஸ் இங்க வந்ததும் உக்கார ஒரு இடம் தயாராவே இருந்திருக்குன்னு எனக்கு தோணுது.

கம்ப்யூட்டர்லயும் ஒரு நைஸ் இருக்கு. யுனிக்ஸ், லினக்ஸ்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள்ல நைஸ்ங்கறது ஒரு கட்டளை. ஒவ்வொரு புரோகிராமுக்கும் மைனஸ் 20ல இருந்து 19 வரைக்கும் ஒரு நைஸ் மதிப்பு இருக்கும், சாதாரணமா 0. எண் கூடக் கூட அந்த புரோகிராம் மத்ததுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிக்கும், 19ல இருந்தா வேற யாருக்கும் வேலை இல்லாதப்பதான் தன் வேலையை முழுசா பாக்கும்னு வெச்சுக்கலாம். எண் எதுவும் சொல்லாம நைஸ்னு மட்டும் போட்டா 10 கூடும். மைனஸ் பக்கம் போகணும்னா, அதாவது மத்தவங்களைத் தள்ளிட்டு முன்னாடி நிக்கணும்னா, நிர்வாகி உரிமை வேணும். அடுத்தவருக்கு இடம் கொடுக்கறவர்ங்கற மனுஷ அர்த்தத்தை அப்படியே ஒரு எண்ணா மாத்திட்டாங்க.

பழைய அர்த்தம் இங்கிலீஷ்ல முழுசா செத்துப்போகல, ரெண்டு மூணு இடத்துல பிடிவாதமா இருக்கு. நைஸ் டிஸ்டிங்க்‌ஷன்னா நல்ல வேறுபாடு இல்ல, நுணுக்கமான வேறுபாடு. நைசிட்டின்னு பெயர்ச்சொல்லா வந்தா பெரும்பாலும் நுட்பம், நாசூக்கு. வழிமுறைல அவர் ரொம்ப நைஸ் இல்லன்னு ஒரு வரி வந்தா அவர் நல்லவர் இல்லங்கறது இல்ல, எப்படி காரியம் முடிஞ்சாலும் சரின்னு போறவர்ங்கறது. கோர்ட்டுலதான் இது அதிகம் தென்படும். ஒரு நீதிபதி தீர்ப்புல ‘இது ஒரு நைஸ் கொஸ்டின்’னு எழுதியிருந்தா வக்கீல் நல்ல கேள்வி கேட்டார்னு பாராட்டறார்னு நினைச்சுடக் கூடாது, ரெண்டு பக்கமும் வாதம் சமமா நிக்குது, எந்தப் பக்கம் தீர்ப்பு சொல்றதுன்னு மயிரிழைல தொங்குதுன்னு சொல்றார்.